உமிழ்நீர் சொல்வதும் சொல்லாததும்

மூச்சுப் பயிற்சி, யோகாசனம், எண்ணெய் தேய்த்து உடல் பிடித்துவிடுதல், தியானம், இசை கேட்டல் ஆகியவை மன அழுத்தத்தைக் குறைக்கும் என்றும் நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்றும் அடிக்கடி படிக்கிறோம். “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்னும் சொற்களும் அத்துடன் சேர்ந்தே வருகின்றன. அந்த ஆய்வில் எதை அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், யாருடன் ஒப்பிட்டார்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊசி குத்தாமல், உடலில் கருவி எதையும் செலுத்தாமல், உமிழ்நீரையும் தலைமுடியையும் இதயத் துடிப்பையும் கொண்டு உடலின் நிலையை அறியும் முறைகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளன. மாற்று மருத்துவ முறைகளை ஆராய்வோர் பலர் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இம்முறைகளை நான் மனமார வரவேற்கிறேன். அதே வேளையில், ஒரு மணி நேரத்தில் மாறிய ஓர் எண்ணை நோய் மாறியதற்கான சான்றாகக் கொள்வது தவறு. அதை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு இந்த அளவீடுகளைப் பற்றிச் சிறிது தெரிந்திருந்தால் போதும்.

ஊசியில்லா அளவீடு ஏன் வேண்டும்?

மன அழுத்தத்தை அளப்பதற்காக ஊசி குத்தினால், அந்த ஊசியே சிலருக்கு மன அழுத்தத்தைத் தந்துவிடுகிறது. அளக்க வந்த பொருளை அளக்கும் செயலே மாற்றிவிட்டால் கிடைக்கும் விடையை எப்படி நம்புவது? மேலும், உடலின் சுரப்புகள் நாள் முழுவதும் ஏறி இறங்குபவை. அவற்றை அறிய ஒரே நாளில் ஐந்தாறு முறை மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், பலமுறை ஊசி ஏற்றியதால் இரத்தக் குழாய் எளிதில் கிடைக்காத புற்றுநோயாளிகளுக்கும் அது பெருந்துன்பம்.

உமிழ்நீர் சேகரிப்பது எளிது. சிறு பஞ்சுச் சுருளைச் சில நிமிடங்கள் வாயில் வைத்திருந்து, பிறகு அதை ஒரு குழாயில் இட்டு மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். இதற்குச் செவிலியர் தேவையில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதனால்தான் இது ஆய்வாளர்களுக்கு உகந்த வழியாயிற்று. 1993ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். தன்னார்வலர் ஒருவர் நடுவர்கள் முன் நின்று நேர்முகத் தேர்வில் பேசுவதுபோல் பேச வேண்டும். பிறகு மனக்கணக்காகக் கழித்தல் செய்ய வேண்டும். அவ்வளவுதான். சில நிமிடங்களில் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் சுரப்பின் அளவு தெளிவாக உயர்ந்தது. உள்ளத்தில் எழும் பதற்றம் வாயில் ஊறும் நீரில் தெரிகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

நோய் கண்டறிவதிலும் உமிழ்நீருக்கு இடம் உண்டு. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டறிய, இரவு தூங்கப்போகும் வேளையில் எடுக்கப்படும் உமிழ்நீரில் கார்டிசாலை அளப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட பரிசோதனைகளுள் ஒன்று. ஆகவே உமிழ்நீர்ப் பரிசோதனை என்றாலே ஏமாற்று என்று எண்ண வேண்டா. எந்தக் கேள்விக்கு விடை தேட அதைப் பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியம்.

நேரத்தோடு ஏறி இறங்கும் கார்டிசால்

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசாலைச் சுரக்கின்றன. இதை “மன அழுத்தச் சுரப்பு” என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இது நாம் உயிர்வாழ இன்றியமையாதது. இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிப்பதிலும் அழற்சியை அடக்குவதிலும் இதற்குப் பங்குண்டு. காலையில் விழித்தெழுந்த முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள் இதன் அளவு உச்சத்தை அடைகிறது. பிறகு படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த நிலைக்கு வருகிறது. உடல்நலமுள்ள எவருக்கும் ஒவ்வொரு நாளும் இது நிகழ்கிறது.

இந்த ஏற்றத் தாழ்வை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஒருவரின் உமிழ்நீரை எடுக்கிறோம். பிறகு ஒரு மணி நேரம் அவருக்கு எண்ணெய் தேய்த்து உடலைப் பிடித்துவிடுகிறோம். ஒன்பதரை மணிக்கு மறுபடியும் உமிழ்நீரை எடுக்கிறோம். கார்டிசால் குறைந்திருக்கிறது. சிகிச்சையால் குறைந்ததா, பொழுது ஏறியதால் குறைந்ததா? அதே ஒன்றரை மணி நேரம் சும்மா அமர்ந்து நாளிதழ் படித்த வேறொருவரின் உமிழ்நீரையும் அளந்து ஒப்பிட்டால் அல்லாமல் இதற்கு விடை கிடைக்காது.

இது வெறும் கற்பனையான ஐயம் அன்று. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் ஒரு தொகுப்புக் கட்டுரை வெளியிட்டனர். மசாஜ் செய்துகொண்டவர்களின் கார்டிசால் சராசரியாக 31 விழுக்காடு குறைந்தது என்று அதில் கூறப்பட்டது. அந்த எண் உலகெங்கும் பரவி, மசாஜ் நிலையங்களின் விளம்பரங்களிலும் இடம்பெற்றது. 2011இல் கிறிஸ்டோபர் மோயரும் அவருடைய குழுவினரும் கிடைத்த ஆய்வுகளைத் திரட்டி மறுபடியும் கணக்கிட்டனர். மசாஜ் பெறாத ஒப்பீட்டுக் குழுவினருடன் வைத்துப் பார்த்தபோது, கார்டிசாலில் ஏற்பட்ட மாற்றம் மிகச் சிறியது என்றும், பெரும்பாலும் அது இல்லை என்றே சொல்லத்தக்க அளவினது என்றும் தெரிந்தது.

அப்படியானால் மசாஜ் பயனற்றதா? அப்படிச் சொல்வதற்கும் இடமில்லை. மசாஜ் செய்துகொண்டவர்களுக்குப் பதற்றம் தணிகிறது, உடல் இளைப்பாறுகிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதமாக இருக்கிறது என்பதே ஒரு நோயாளிக்குப் பெரிய பேறு. அந்த இதத்துக்குக் கார்டிசால் என்னும் அறிவியல் முத்திரையைக் குத்த முயன்றபோதுதான் குழப்பம் நேர்ந்தது.

உமிழ்நீர் அந்த நேரத்து நிலையைக் காட்டுகிறது என்றால், தலைமுடி சில மாதங்களின் கதையைச் சொல்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் கடந்த மூன்று மாதங்களின் கார்டிசால் சராசரியாகப் பதிந்திருக்கும். நாள்பட்ட மன அழுத்தத்தை ஆராய இது நல்ல வழி. எனினும் சாயம் பூசுவதும் அடிக்கடி தலைக்குக் குளிப்பதும் அளவைப் பாதிக்கக்கூடும். அண்மையில் பழநியிலோ திருப்பதியிலோ முடி காணிக்கை செலுத்தியவர்களுக்கு இந்தப் பரிசோதனைக்கு வழியே இல்லை!

ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள்

அடுத்தது நோய் எதிர்ப்பாற்றல். வாய், மூக்கு, குடல் ஆகியவற்றின் உட்புறச் சவ்வுகளில் காவல் நிற்கும் எதிர்ப்புப் புரதம் இம்யூனோகுளோபுலின் ஏ. கிருமிகள் சவ்வில் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது இதன் பணி. உமிழ்நீரில் இது தாராளமாகக் கிடைப்பதால், “எதிர்ப்பாற்றல் கூடியது” என்று காட்ட விரும்பும் ஆய்வுகள் பெரும்பாலும் இதையே நாடுகின்றன.

1983இல் அமெரிக்காவில் முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்கள் 64 பேரிடம் நடந்த ஆய்வில், படிப்பின் சுமை மிகுந்த மாதங்களில் இப்புரதத்தின் சுரப்பு குறைந்தது. 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மெக்லெல்லண்டும் அவருடன் ஆய்வு செய்தவரும், அன்னை தெரசாவைப் பற்றிய திரைப்படத்தை மாணவர்களுக்குக் காட்டியபின் இதன் அளவு உயர்ந்ததைக் கண்டனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், துன்பம் இப்புரதத்தைக் குறைக்கும், அன்பு இதைக் கூட்டும் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மனக்கணக்குப் போடச் சொல்லி அவசரப்படுத்துவதுபோன்ற குறுகிய நேரப் பதற்றத்திலும் உமிழ்நீரில் இதே புரதம் உயர்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இளைப்பாறினாலும் உயர்கிறது, பதறினாலும் உயர்கிறது என்றால், உயர்வை மட்டும் பார்த்து என்ன சொல்ல முடியும்? வாயில் ஊறும் உமிழ்நீரின் அளவும் இங்கே குறுக்கிடுகிறது. வாய் உலர்ந்திருந்தால் புரதம் அடர்த்தியாகத் தெரியும். நீர் நிறைய ஊறினால் நீர்த்துத் தெரியும். ஆகவே நிமிடத்துக்கு எவ்வளவு உமிழ்நீர் ஊறியது என்பதையும் சேர்த்துக் கணக்கிடாத ஆய்வின் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

நம் நோயாளிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு வாயை உலர்த்தும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளும், தலை, கழுத்துப் பகுதியில் அளிக்கப்படும் கதிர்வீச்சும் உமிழ்நீரைக் குறைக்கும். ஈறில் இரத்தம் கசிந்தால் இரத்தத்திலுள்ள பொருள்கள் உமிழ்நீரில் கலந்து அளவை மாற்றிவிடும். ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்களுக்கும் உள்ளிழுப்பவர்களுக்கும் கார்டிசால் அளவே பொருளற்றுப் போகலாம். உடல்நலமுள்ள இருபது வயதுக் கல்லூரி மாணவர்களிடம் கிடைத்த எண்ணை, இத்தனை மருந்துகளோடும் நோய்களோடும் வாழும் அறுபது வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது.

துடிப்புகளுக்கு இடையே

ஒருவருக்கு இதயம் நிமிடத்துக்கு அறுபது முறை துடிக்கிறது என்றால், ஒவ்வொரு நொடிக்கும் ஒரு துடிப்பு எனச் சீராக விழுவதில்லை. ஓர் இடைவெளி சற்று நீள்கிறது, மற்றொன்று சற்றுக் குறுகுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறோம். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு உடலை அமைதிப்படுத்தும் பணியை எவ்வளவு செய்கிறது என்பதை இது ஓரளவு காட்டுகிறது. இதை எவ்வாறு அளக்க வேண்டும் என்பதற்கான நெறிமுறைகளை ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 1996இல் கூட்டாக வெளியிட்டன. இன்று கைக்கடிகாரங்கள்கூட இதைக் கணக்கிட்டு “மன அழுத்த மதிப்பெண்” தருகின்றன.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. 2001இல் லூச்சியானோ பெர்னார்டியின் தலைமையில் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 23 பேர் இலத்தீன் மொழியில் செபமாலையும், பின்பு ஒரு யோக மந்திரமும் ஓதினர். இரண்டும் இயல்பாகவே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாகக் குறைத்தன. அந்த வேகத்தில் இதயத் துடிப்பின் அலைவும் இரத்த அழுத்தத்தின் அலைவும் ஒன்றோடொன்று இசைந்து பெருகின. எந்தச் சமயத்தின் வழிபாடாயினும், நிதானமாக மூச்சுவிட்டு ஓதினால் உடல் ஒரே விதமாக விடையளிக்கிறது என்பது மகிழ்ச்சி தரும் செய்திதான்.

இதிலிருந்து ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. மெதுவாக மூச்சுவிடும் அந்த நேரத்திலேயே அளந்தால், துடிப்பு மாறுபாடு உயர்ந்துதான் காட்டும். மூச்சின் வேகம் மாறியதன் நேரடி விளைவு அது. பயிற்சி முடிந்து எழுந்து, இயல்பாக மூச்சுவிட்டு, சில வாரங்கள் கழித்தும் அந்த மாற்றம் நிலைக்கிறதா என்பதே நமக்குப் பயன்படும் கேள்வி. பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்பவர்களுக்கும் நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த எண்ணின் பொருளே வேறு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போன நோயாளிகள், கைக்கடிகாரம் காட்டும் மதிப்பெண்ணைக் கண்டு மகிழவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா.

எண் வேறு, நலம் வேறு

மாற்று மருத்துவத்தின் மேல் மட்டும் நான் குறை காண்பதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. எண்ணைத் திருத்தினால் நோய் திருந்திவிடும் என்று நம்பி நவீன மருத்துவமும் பெருவிலை கொடுத்திருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே தோன்றும் ஒழுங்கற்ற துடிப்புகள் மரணத்தின் அறிகுறி என்று அறியப்பட்டிருந்தது. அத்துடிப்புகளை அடக்கும் மருந்துகள் இருந்தன. இதய வரைபடத்தில் அவை நன்றாகவே வேலை செய்தன. அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி அதன் முழு விவரத்தை 1991இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேரே. வரைபடம் அழகானது, நோயாளிகள் இறந்தார்கள்.

அந்தப் பாடத்தை நாங்கள் மறக்கவில்லை. புதிய மருந்து எதையும், “எந்த எண்ணை மாற்றியது?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “நோயாளி நீண்ட நாள் வாழ்ந்தாரா, வலி குறைந்ததா, மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தாரா?” என்று கேட்கப் பழகியிருக்கிறோம். இதே உரைகல்லில் சித்த மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் யோகத்தையும் உரைத்துப் பார்ப்பது அவற்றை அவமதிப்பதாகாது, சமமாக மதிப்பதாகும்.

அப்படி விளைவையே நேராகப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் நடந்து 1991இல் வெளியான ஆய்வொன்றில், ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்களைச் சொட்டுகளாக இட்டனர். மிகக் குறைந்த மன அழுத்தம் உடையவர்களில் ஏறக்குறைய 27 விழுக்காட்டினருக்கும், மிக அதிக மன அழுத்தம் உடையவர்களில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினருக்கும் சளி பிடித்தது. மன அழுத்தம் நோய் எதிர்ப்பைத் தளர்த்துகிறது என்பதற்கு இது வலுவான சான்று. இங்கே பார்க்கப்பட்டது சளி பிடித்ததா இல்லையா என்பதையே.

நோயாளியைப் பேணுவோர் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசரின் குழு 1995இல் அதை வெளியிட்டது. நினைவிழப்பு நோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பல காலமாகக் கவனித்துவந்த 13 பெண்களையும், அவர்களை ஒத்த வயதும் வருமானமும் உடைய வேறு 13 பெண்களையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் வரை பார்த்துவந்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள்களில் ஆறிய காயம், பேணுவோருக்கு ஆறுவதற்கு ஏறக்குறைய 49 நாள்கள் ஆயின. பேணுவோரின் களைப்பு வெறும் மனப்பாரம் அன்று. அது அவர்களின் தோலில், சதையில் தெரிகிறது.

இந்த ஆய்வைப் படித்த நாள் முதல், வார்டில் இரவெல்லாம் நாற்காலியில் அமர்ந்து விழித்திருக்கும் மகளையும் மனைவியையும் பார்க்கும்போது அவர்களுடைய தூக்கத்தைப் பற்றியும் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவர்களுக்கு அரைமணி நேர நடை, மூச்சுப் பயிற்சி, ஓர் இரவு முறைமாற்றித் தூங்க வாய்ப்பு ஆகியவை தேவை. அவற்றால் பயன் உண்டா என்று அறிய உமிழ்நீரை அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எதிர்ப்பாற்றலைக் “கூட்டுதல்”

நோய் எதிர்ப்பாற்றல் என்பது தொட்டியில் நிற்கும் நீர் போல், கூடியது, குறைந்தது என்று ஒரே கோலால் அளக்கத்தக்கதன்று. பல வகை வெள்ளணுக்களும் புரதங்களும் சவ்வுகளும் சேர்ந்து இயங்கும் அமைப்பு அது. அதில் ஒரு புரதத்தை உமிழ்நீரில் அளப்பது, ஊரின் ஒரு தெருவில் நின்று பார்த்துவிட்டு ஊர் முழுவதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மேலும், எல்லோருக்கும் எதிர்ப்பாற்றல் கூடுவது நன்மை என்பதும் உண்மை அன்று. முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் எதிர்ப்பாற்றல் தன் உடலையே எதிரியாகக் கருதித் தாக்குகிறது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் தருகிறோம். அவர்களிடம் “எதிர்ப்பாற்றலைக் கூட்டும் சூரணம்” என்று ஒன்றைக் கொடுப்பது, அது உண்மையிலேயே வேலை செய்தாலும் தீங்கு. உறுப்பு மாற்று மருந்துகளின் அளவை இரத்தத்தில் மாற்றினாலும் தீங்கு.

ஏமாறாதிருக்க

ஆய்வுக்கூடங்களில் உருவான இந்த அளவீடுகளின் நற்பெயரைச் சிலர் கடன்வாங்கி வணிகம் செய்கிறார்கள். கையில் ஓர் உலோகத் தண்டைப் பிடித்திருந்தால் ஒரு நிமிடத்தில் மன அழுத்தம், எதிர்ப்பாற்றல், கல்லீரல், எலும்பு எல்லாவற்றையும் பற்றிப் பல பக்க அறிக்கை தரும் கருவிகள் இலவச முகாம்களில் வைக்கப்படுகின்றன. உமிழ்நீரோ இரத்தமோ எடுக்காமல், உள்ளங்கை வழியாக எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் வழி மருத்துவத்தில் இல்லை. அறிக்கையின் இறுதியில் வாங்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருந்தால், அந்தக் கருவி எதற்காக வைக்கப்பட்டது என்பது விளங்கிவிடும். புற்றுநோய், நீரிழிவு முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது.

பணம் போனால் மீட்டுக்கொள்ளலாம். இழந்த காலத்தை மீட்க முடியாது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை ஆராய்ந்து யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் ஆகிய உறுப்புகளில் பரவாத நிலையில் புற்று கண்டறியப்பட்டும், மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்துகொண்ட 281 பேர், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடப்பட்டனர். அவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்குக்கும் மேல். குணமாகும் காலத்தில் கிடைத்த நோய்கள் இவை என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. யோகமும் தியானமும் அவர்களைக் கொல்லவில்லை. அவற்றைச் சிகிச்சையின் துணையாகக் கொள்ளாமல் சிகிச்சையின் இடத்தில் அமர்த்தியதே அவர்களை வீழ்த்தியது.

ஆகவே, “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று எவரேனும் கூறினால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, அளந்தது எதை: உமிழ்நீரில் ஒரு பொருளையா, நோயின் போக்கையா? இரண்டாவது, நாளின் எந்த நேரத்தில் அளந்தார்கள். முன்னும் பின்னும் ஒரே நேரத்திலா? மூன்றாவது, அச்சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இருந்ததா? நான்காவது, அந்த மாற்றம் எத்தனை நாள் நிலைத்தது? ஐந்தாவது, ஆய்வில் கலந்துகொண்டவர்கள் என்னைப் போன்ற வயதும் நோயும் உடையவர்களா? இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007 முதல் ஒரு தேசியப் பதிவேடு இயங்கிவருகிறது. சித்த, ஆயுர்வேத, யோக ஆய்வுகளும் அதில் பதிவாகின்றன. எதை அளக்கப்போகிறோம் என்பதை ஆய்வாளர்கள் அதில் எழுதிவைக்கிறார்கள். பொதுமக்கள் எவரும் அதை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இத்தகைய ஆய்வில் பங்கேற்க உங்களை அழைத்தால் தயங்காமல் விவரம் கேளுங்கள். விரும்பினால் பங்கேற்கவும் செய்யுங்கள். உமிழ்நீர் தருவதால் உடலுக்குத் தீங்கு இல்லை. அறிவுக்கு நன்மை உண்டு. மாதிரி எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் உண்ணாமலும், பல் துலக்காமலும், வெற்றிலை பாக்கும் புகையும் தவிர்த்தும் இருங்கள். சொன்ன நேரத்திலேயே எடுங்கள். நேரம் தவறியிருந்தால் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் தெரிவியுங்கள். உங்கள் நேர்மையால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு வருகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் மூச்சுப் பயிற்சி செய்தாலும், கஷாயம் குடித்தாலும், வர்ம மருத்துவரிடம் சென்றாலும் உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடிந்துகொள்வார் என்று அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். தெரிந்தால்தான் மருந்துகளுக்கிடையே மோதல் வராமல் காக்க முடியும். பயிற்சியால் இரத்த அழுத்தம் உண்மையிலேயே இறங்கியிருந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவும் முடியும். அந்த முடிவை நாம் சேர்ந்து எடுப்போம். அதுவரை மூச்சுப் பயிற்சியும் தொடரட்டும்; மாத்திரையும் தொடரட்டும்.